செகந்தீனியின் புல்வெளி: கிட்டே போய்ப் பார்த்தால் தெரிவது

ஜொவான்னி செகந்தீனியின் ‘ஆல்ப்ஸில் நண்பகல்’ (1891) ஓவியத்தை அச்சில் மட்டும் பார்த்தவர்களுக்கு அது ஓர் அழகான மலைக்காட்சி, அவ்வளவுதான். ஆழ்ந்த நீல வானம், வெயிலில் காய்ந்த புல்வெளி, ஆடுகள், வைக்கோல் தொப்பி போட்ட ஓர் இடைப்பெண். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் ஓர் அடி தூரத்தில் நின்றால் புல்வெளி காணாமல் போய்விடும். இருப்பது ஒடுங்கிய, வண்ணம் தடித்த, தனித்தனிக் கோடுகள். மஞ்சளுக்குப் பக்கத்தில் பச்சை, அதற்குப் பக்கத்தில் நீலம், இடையே செம்மண் நிறம். ஒன்றோடொன்று குழையாமல், ஊடும் பாவும் போல நெருக்கமாகக் கிடக்கின்றன. நாலைந்து அடி பின்னால் நகர்ந்ததும் அவை சேர்ந்து வெயிலாகிவிடும்.

செகந்தீனியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர் பட்ட துயரத்தையும் மலைமேல் அவர் இறந்ததையும் எழுதுகிறார்கள். இரண்டும் உண்மை. ஆனாலும் அவரைப் பெரிய ஓவியராக்கியது அந்தக் கோடுகளை வைத்த விதம். அதைப் புரிந்துகொள்ளாமல் அவரைப் பார்ப்பது பாதி பார்ப்பதுதான்.

முதலில் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1858 ஜனவரி 15 அன்று ஆர்க்கோ என்ற ஊரில் பிறந்தார். கார்தா ஏரிக்கு வடக்கே இருக்கும் ஆர்க்கோ அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. ஏழு வயதில் தாய் இறந்தார். தந்தை பையனை மிலான் நகருக்குக் கூட்டிவந்து, மூத்த தாரத்து மகள் ஐரீனிடம் விட்டுவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு அவரும் இறந்தார். தனக்கும் தம்பிக்கும் இருந்த ஆஸ்திரியக் குடியுரிமையைக் கைவிட ஐரீன் விண்ணப்பித்தார். அது போனது, இத்தாலியக் குடியுரிமை வந்து சேரவில்லை. செகந்தீனி கடைசிவரை நாடற்றவராகவே வாழ்ந்தார். ஐரோப்பா முழுக்க அவருடைய ஓவியங்கள் பயணப்பட்டன. கடவுச்சீட்டு இல்லாத அவரால் அவற்றைப் பின்தொடர்ந்து போக முடியவில்லை.

தெருவில் சுற்றியதற்காக 1870இல் மார்க்கியோந்தி சீர்திருத்தப் பள்ளியில் அடைத்தார்கள். அங்கே கற்றுக்கொடுத்த தொழில் செருப்புத் தைப்பது. 1873இல் வெளியே வந்து, போர்கோ வல்சுகானாவில் புகைப்படக்கடை வைத்திருந்த, மூத்த தாரத்து அண்ணன் நெப்போலியோனிடம் சில காலம் இருந்தார். பிறகு மிலானுக்குத் திரும்பி, கொடிகளும் அலங்கார ஓவியங்களும் வரைகிற லூயிஜி தெத்தமான்சியிடம் வேலை பார்த்துக்கொண்டே பிரேரா கலைக்கழகத்தில் படித்தார். 1879இல் வரைந்த புனித அந்தோணியார் தேவாலயப் பாடகர் மேடையின் ஓவியம்தான் முதலில் பெயர் வாங்கித் தந்தது. பக்கத்துச் சன்னலிலிருந்து ஒளி உள்ளே விழுந்து பரவுவதுதான் அதில் விஷயம். பொருளைவிட அதன்மேல் விழும் ஒளியே அவருக்கு முக்கியம் என்பது இருபத்தோரு வயதிலேயே தெரிகிறது.

இதற்கு அப்புறம் வரும் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவர் பீச்சே புகாத்தி, அறைகலன் வடிவமைப்பாளர் கார்லோ புகாத்தியின் தங்கை. செகந்தீனியின் வாழ்க்கைத்துணை, நான்கு குழந்தைகள். நாடற்றவருக்குத் திருமணப் பதிவு கிடைக்கவில்லை, கடைசிவரை சேர்ந்தே வாழ்ந்தார்கள். இன்னொருவர் ஓவிய வணிகர் வித்தோரே குருபிச்சி. அவரும் தம்பி அல்பெர்த்தோவும் செகந்தீனியின் ஓவியங்களை வாங்கி விற்கும் உரிமையை எடுத்துக்கொண்டார்கள். பணத்தில் இது சுமுகமான உறவாக இருக்கவில்லை. ஆனால் தொழில்நுட்பத்தில் செகந்தீனி குருபிச்சிக்குப் பெரும் கடன்பட்டவர்.

1881இல் பிரியான்சா பகுதிக்குப் போய், புசியானோ ஏரிக்கரையில் குடியேறினார். அங்கே 1882இல் வரைந்த ‘படகில் அவே மரியா’ அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் தங்கப் பதக்கம் வாங்கியது. அந்தி நேரம், ஏரி, ஆடுகள் நிறைந்த படகு, குழந்தையோடு ஒரு தாய். அந்த நாள்களின் ஓவியங்கள் மங்கலானவை. பழுப்பும் சாம்பலும் கலந்து, எங்கே ஒளி வர வேண்டுமோ அங்கேகூட ஒரு புழுக்கம். பேலட்டில் (வண்ணம் கலக்கும் தட்டில்) வண்ணங்களைக் கலந்து கலந்து வைத்ததால் வந்த மங்கல் அது.

1886இல் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்தின் சவோக்னின் கிராமத்துக்கு ஏறினார். உயரம் ஏறத்தாழ 1,200 மீட்டர். அந்தக் குளிர்காலத்தில் குருபிச்சி அங்கே வந்து தங்கி, பிரான்சில் புதிய ஓவியர்கள் வண்ணத்தைப் பிரித்து வைக்கும் முறையை விளக்கினார். ‘அவே மரியா’வை அந்த முறையில் திரும்ப வரையச் சொன்னதும் அவர்தான். ஒரே காட்சியின் இந்த இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் இல்லை. இரண்டாவதில் சூரியனைச் சுற்றி வானம் வட்ட வட்டமான கோடுகளாகப் பிரிகிறது. நீரில் அதே கோடுகள் படுத்துக்கொள்கின்றன. உருவங்கள் அதேதான். மாறியது ஒளி மட்டும்.

முறை என்னவென்று அவரே எழுதி வைத்திருக்கிறார். வெறும் வெள்ளைக் கேன்வாஸ் அவருக்குப் பிடிக்காது. முதலில் அதைச் செங்காவியால் மூடிவிடுவார். உருவங்களின் வரைகோட்டை அதன்மேல் நிறுத்துவார். பிறகு நீண்ட, மெல்லிய பிரஷ்ஷால், எண்ணெய் குறைந்த தடித்த வண்ணத்தை ஒடுக்கமான தீற்றல்களாக வைத்துக்கொண்டே போவார். ஒரு தீற்றலுக்கும் அடுத்த தீற்றலுக்கும் நடுவே எப்போதும் இடைவெளி உண்டு. முதல் வண்ணம் ஈரமாக இருக்கும்போதே அந்த இடைவெளியில் அதன் எதிர்நிறத்தை (நீலத்துக்கு ஆரஞ்சு போல) வைப்பார். பேலட்டில் கலப்பது கருமையை நோக்கிப் போகும் வழி என்பது அவருடைய உறுதியான கருத்து.

இதன் காரணம் இயற்பியலில் இருக்கிறது. நீலத்தையும் ஆரஞ்சையும் பேலட்டில் கலந்தால் ஒவ்வொரு நிறமியும் ஒளியின் ஒரு பகுதியை விழுங்குகிறது. மிஞ்சித் திரும்புவது குறைவு. அதே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் தன் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, கண் அவற்றைச் சராசரியாக்கிக்கொள்கிறது. இரண்டில் வெளிச்சமானதைவிட அதிக வெளிச்சம் இதில் வராது. பலர் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கலந்தால் வரும் இழப்பு வராது, அவ்வளவுதான். கூடவே இன்னொன்றும் நடக்கிறது: எதிர்நிறங்கள் அருகருகே இருந்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். பிரெஞ்சு வேதியியலர் செவ்ரூல் 1839இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார்.

எவ்வளவு தூரத்தில் கோடுகள் ஒன்றாகும் என்பதைக் கணக்கிடலாம். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். 1 மி.மீ. அகலமுள்ள கோடு ஏறத்தாழ மூன்றரை மீட்டருக்கு அப்பால் கரையும். 2 மி.மீ. கோட்டுக்கு 7 மீட்டர் வேண்டும். அருங்காட்சியக அறையில் நாம் பெரும்பாலும் 2, 3 மீட்டரில்தான் நிற்கிறோம். அதாவது கோடுகள் பாதி சேர்ந்தும் பாதி சேராமலும் இருக்கும் தூரம். செகந்தீனியின் வெயில் அதிர்வது போலத் தோன்றுவது இதனால்தான். தபால் அட்டையிலும் கைபேசித் திரையிலும் இது அப்படியே செத்துவிடுகிறது. படத்தைச் சிறிதாக்கும்போது கண் செய்ய வேண்டிய சராசரியை இயந்திரம் முன்பே செய்து முடித்துவிடுகிறது.

பிரெஞ்சு ஓவியர் செராவின் புள்ளிகளோடு இதை ஒப்பிடுவார்கள். வேறுபாடு பெரிது. புள்ளிக்குத் திசை கிடையாது, கோட்டுக்கு உண்டு. செகந்தீனியிடம் புல் நின்றபடி எழும். வானம் கிடையாக ஓடும். பாறையில் கோடு அதன் அடுக்கைப் பின்பற்றும். ஆட்டின் முதுகில் கம்பளியோடு சேர்ந்து வளையும். நிறத்தைப் பிரித்துவைக்கிற அதே தீற்றல்தான் வடிவத்தையும் சொல்கிறது. வண்ணத்தைப் பிரித்துவைக்கும் இந்த முறையில் வரைந்த இத்தாலியப் பிரிவுவண்ண ஓவியர்களில் பெல்லிட்சா த வோல்பேதோ, மொர்பெல்லி, பிரெவியாத்தி எல்லாருமே தேர்ந்தவர்கள். ஆனால் நிறம், வடிவம் என்ற இரண்டு வேலையையும் ஒரே கோட்டிடம் வாங்கியதில் செகந்தீனிக்கு இணை சொல்ல முடியாது.

இந்த முறையைக் கையால் செய்து பார்த்தால் அவருடைய ஓவியத்தைப் பார்க்கும் கண்ணே மாறும். 30க்கு 40 செ.மீ. பலகை போதும். இரண்டு பூச்சு ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) காய்ந்ததும், செங்காவி ஆயில் கலரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசி, துணியால் மேலோடு துடைத்துவிட்டு, கையில் ஒட்டாத வரை காயவிடுங்கள்; இரண்டு மூன்று நாள் ஆகும். 1 அல்லது 2 எண் கொண்ட, முடி நீளமான வட்ட பிரஷ் எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு ஒரு பிரஷ் இருந்தால் பாதித் தொல்லை தீரும். ட்யூபிலிருந்து வண்ணம் எண்ணெய் ஒழுக வந்தால், உறிஞ்சும் தாளில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். இதில் டர்பன்டைன் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் தீற்றலின் முகடு சரிந்து பக்கத்துக் கோட்டில் வழியும்.

தீற்றல் 2 மி.மீ. அகலம், 2 முதல் 3 செ.மீ. நீளம், இடைவெளியும் அதே அகலம். வண்ணங்களை வெள்ளையோடு மட்டும் கலக்கலாம், தங்களுக்குள் கூடாது. இரண்டு மூன்று தீற்றலுக்கு ஒருமுறை பிரஷ்ஷைத் துடைத்து மறுபடி வண்ணம் எடுக்க வேண்டும். இடைவெளியை நிரப்பும்போது பிரஷ் ஒருமுறைதான் போக வேண்டும். ஓரம் ஓரத்தைத் தொடலாம். திரும்பத் தேய்த்தால் அங்கேயே சேறாகிவிடும். அப்படி ஆனால் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுச் செங்காவியிலிருந்து தொடங்குவதுதான் வழி. மேலே பூசிச் சரிசெய்ய முடியாது.

முதல் முயற்சியில் எல்லாருக்கும் வருவது சாம்பல். எதிர்நிறங்களைச் சரிபாதியாக வைத்தால் கண் அவற்றைச் சாம்பலாகத்தான் கூட்டும். ஒன்று ஆட்சி செய்ய வேண்டும். மூன்று பங்குக்கு ஒரு பங்கு என்று தொடங்கலாம். இரண்டாவது கோளாறு புள்ளிபுள்ளியாகத் தெறிப்பது. நிறம் வேறாக இருந்தாலும் இரண்டின் வெளிச்ச அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். அடர்நீலத்துக்குப் பக்கத்தில் வெளிர்மஞ்சள் வைத்தால் வழக்கமாகப் பார்க்கும் தூரத்தில் எளிதில் சேராது. கண்ணை இடுக்கிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். மூன்றாவது, ஆர்வக் கோளாறில் எல்லா இடைவெளியையும் அடைப்பது. ஆங்காங்கே செங்காவி எட்டிப் பார்க்க வேண்டும், குறிப்பாகப் புல்லிலும் நிழலிலும். நீலநிழல் குளிர்ந்து இறந்துபோகாமல் காப்பது அந்தச் சிவப்புதான்.

அந்தச் சிறு பலகைக்கே ஒற்றைப் படலமாக 2,400 தீற்றல் ஆகும். ‘இயற்கை’ என்ற அவருடைய பெரிய ஓவியம் 4 மீட்டர் அகலம், 2.35 மீட்டர் உயரம். இதே அளவுத் தீற்றல் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 1,88,000. அவர் ஒரே படலத்தோடு நிறுத்துகிறவரும் இல்லை.

அதுவும் வெளியில் நின்று. மலைக்காட்சியைக் குறிப்பெடுத்துவந்து அறையில் வரையும் வழக்கத்தை அவர் விட்டுவிட்டார். பெரிய கேன்வாஸ்களைக் காட்சி நடக்கும் இடத்திலேயே நிறுத்தி, மரப்பெட்டி போன்ற காப்புக்குள் வைத்து, வேலை முடிந்ததும் மூடிவிட்டு வருவார். ஒளி நாளைக்கு ஒரு தடவைதான் அந்த நிலைக்கு வரும். மேகம் வந்தால் அன்றைய வேலை போயிற்று. புல்லின் நிறம் சில வாரங்களில் மாறிவிடும். பனி விழுந்தால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். குளிரில் வண்ணம் இறுகும், பிரஷ்ஷிலிருந்து இறங்காது, காயவும் நாளாகும். அவருடைய தடித்த தீற்றலுக்கு அந்த இறுக்கம் ஓரளவு ஒத்தாசையாகக்கூட இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மலை அவருக்கு இன்னொரு சிக்கலையும் கொடுத்தது. சமவெளியில் தொலைவு மங்கலாகி நீலம் பூசிக்கொள்ளும். ஓவியர்கள் ஆழத்தைக் காட்ட நம்பியிருந்தது அதைத்தான். 1894இல் அவர் குடிபோன மலோயா 1,815 மீட்டர் உயரம். காற்று அங்கே அவ்வளவு தெளிவானது. பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பனிச்சிகரத்தின் விளிம்பு கத்திபோல் தெரியும். பழைய உபாயம் செல்லாது. செகந்தீனி ஓவியத்தைக் கிடைப்பட்டைகளாகப் பிரித்தார்: முன்னால் நிழல் விழுந்த புல், பிறகு வெயில் பட்டை, பிறகு இருண்ட சரிவு, அதன்மேல் பளிச்சிடும் பனி. இருளும் ஒளியும் மாறி மாறி வருவதே ஆழமாகிறது. பின்னால் போகப் போகத் தீற்றல் சிறுக்கிறது. 1897இல் சொலியோ என்ற மலைக்கிராமத்தில் வரைந்த ‘ஆல்ப்ஸில் வசந்தம்’ இதற்கு மிகத் தெளிவான உதாரணம். அந்த ஓவியத்தை லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி அருங்காட்சியகம் 2019இல் வாங்கியது.

பிற்காலத்தில் இடைவெளிகளில் பொன், வெள்ளித் துகள்களையும் தகடுகளையும் சேர்த்தார். உலோகம் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்காமல் ஒரு பக்கமாகத் திருப்பும். பார்ப்பவர் நகர்ந்தால் அது விழிக்கும், அணையும். புகைப்படத்தில் வெறும் பழுப்புப் புள்ளியாக விழும். இவருடைய ஓவியத்தின் முன் ஒரே இடத்தில் நிற்காமல் இடமும் வலமும் நடக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

இந்தத் தடிப்புக்கு விலையும் உண்டு. தீற்றல்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் தூசி தங்கும். மேலே வார்னிஷ் போட்டால் பள்ளத்தில் தேங்கி மஞ்சளாகும், முகட்டில் மெலிந்திருக்கும். எதிர்நிறம் இருப்பதே பள்ளத்தில்தான் என்பதால் ஓவியத்தின் கணக்கே தப்பிவிடும். சுத்தம் செய்கிறவர்களுக்கு இது மிகக் கடினமான பரப்பு. கேன்வாஸைப் பின்னாலிருந்து சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டும் பழைய பழுதுபார்ப்பு முறை முகடுகளை நசுக்கிவிடும், திரும்ப எழுப்பவே முடியாது. செய்து பார்க்கிறவர்களும் அவசரப்பட்டு வார்னிஷ் அடிக்க வேண்டாம். தடித்த ஆயில் கலருக்கு ஓராண்டாவது தேவை.

எல்லா ஓவியத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ‘தீய தாய்மார்’ (1894, வியன்னா பெல்வெதேர்) போன்ற குறியீட்டு ஓவியங்கள் புகழ்பெற்றவை. அவற்றில் பனிவெளி அற்புதம். ஆனால் மரத்தில் சிக்கித் தொங்கும் பெண்ணுருவம் மலைக்குச் சொந்தமானதாகத் தோன்றவில்லை, கருத்துக்காக வந்து நிற்கிறது. ‘இரு தாயர்’ (1889, மிலான் நவீன ஓவியக்கூடம்) அப்படியல்ல. தொழுவம், ஒரு விளக்கு, கன்றோடு பசு, குழந்தையோடு பெண். சொல்ல வந்தது முழுவதும் விளக்கின் ஒளியிலேயே இருக்கிறது. 1891இல் மிலான் பிரேராவில் நடந்த முதல் மூவாண்டுக் கண்காட்சியில் பிரெவியாத்தியின் ‘தாய்மை’யோடு இதுவும் இருந்தது. இத்தாலியப் பொதுமக்கள் பிரிவுவண்ண முறையை முதலில் கண்டது அங்கேதான்.

கடைசித் திட்டம் மிகப் பெரியது. 1900 பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக, செயின்ட் மோரிட்ஸ் இருக்கும் எங்கதீன் பள்ளத்தாக்கை முழுச்சுற்றாகக் காட்டும் வட்டக்கூடம். செலவு தாங்காமல் அது கைவிடப்பட்டது. மிஞ்சிய எண்ணத்திலிருந்து வந்தவைதான் ‘வாழ்வு’, ‘இயற்கை’, ‘மரணம்’ என்ற மூன்று ஓவியங்கள். முதலாவது சொலியோவில், இரண்டாவது ஷாஃப்பெர்க்கில், மூன்றாவது பனிமூடிய மலோயாவில். 1899 செப்டம்பரில் ‘இயற்கை’யை முடிக்க, பொன்த்ரெசீனாவுக்கு மேலே ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில் உள்ள ஷாஃப்பெர்க் குடிசைக்கு ஏறினார். அங்கே வயிற்றுவலி கண்டது. வயிற்றறை உறை அழற்சி. மருத்துவ நண்பர் ஆஸ்கர் பெர்ன்ஹார்ட் மேலே ஏறிவந்தும் காப்பாற்ற முடியவில்லை. செப்டம்பர் 28 அன்று, 41 வயதில் இறந்தார். மலோயாவில் அடக்கம் செய்தார்கள். நண்பர் ஜொவான்னி ஜாக்கொமெத்தி (சிற்பி அல்பெர்த்தோவின் தந்தை) அவரை மரணப்படுக்கையில் வரைந்தார்.

‘மரணம்’ முடியாமலே நின்றுவிட்டது. கற்கிறவர்களுக்கு அந்த முடியாத பகுதிகள் பெரும் உதவி. எந்த இடத்தில் முதல் தீற்றல்கள் மட்டும் இருக்கின்றன, எங்கே இடைவெளி இன்னும் நிரம்பவில்லை என்பதைப் பார்த்து, அவர் வேலை செய்த வரிசையை அப்படியே படிக்கலாம்.

மூன்றும் செயின்ட் மோரிட்ஸில் 1908இல் திறந்த செகந்தீனி அருங்காட்சியகத்தின் குவிமாட அறையில் இருக்கின்றன. கட்டடக் கலைஞர் நிக்கோலாஸ் ஹார்ட்மன். ‘அவே மரியா’வின் இரண்டாம் வடிவமும் ‘ஆல்ப்ஸில் நண்பக’லும் அதே இடத்தில்தான். பிரிவுவண்ணத்துக்கு முந்தைய செகந்தீனியைப் பார்க்க ரோம் நவீனக் கலைக்கூடத்தில் உள்ள ‘தடிவேலியருகே’ (1886) போதும். ‘நண்பகல்’ வரிசையின் இன்னொரு ஓவியம் (1892) ஜப்பானில் குராஷிகியின் ஓஹாரா அருங்காட்சியகத்தில் உள்ளது. செயின்ட் மோரிட்ஸுக்குப் போகிறவர்கள் குவிமாட அறைக்கு முன்னால் ‘அவே மரியா’விடம் போவது நல்லது. அந்தச் சிறிய ஓவியத்தில் முறை எளிமையாக இருக்கிறது. அதில் கண் பழகிய பிறகு மேலே போனால், ‘இயற்கை’யின் வானத்தில் என்ன நடக்கிறது என்று பிரித்துப் படிக்க முடியும்.